இரண்டு தெரு தள்ளி இருந்த நகல்

பிறவியிலேயே காது கேட்காத சில குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து காதுக்குள் ஒரு கருவி வைப்பார்கள். வெளியே, காதின் பின்புறம், ஒரு மெஷினை மாட்டிக்கொள்ள வேண்டும். வெளி மெஷின் சத்தத்தை வாங்கி உள்ளே அனுப்பும். உள்ளே நூல் மாதிரி ஒரு கம்பி, அதில் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள். எந்தப் புள்ளிக்கு எவ்வளவு மின்சாரம் போக வேண்டும் என்பது குழந்தைக்குக் குழந்தை மாறும். குறைந்தால் கேட்காது, கூடினால் வலிக்கும். அந்த அளவுகளின் தொகுப்பை நாங்கள் மேப் என்போம். காரைக்குடியில் ஓர் அறக்கட்டளை நடத்துகிற செவிப் பயிற்சி நிலையத்தில் மேப் போடுவதும், அதன் பிறகு அந்தக் குழந்தைகளுக்குப் பேச்சு சொல்லிக்கொடுப்பதும்தான் பல வருடமாக என் வேலை.

நான் சொல்ல வந்த பெண் குழந்தைக்கு மூன்று வயதில் அறுவை சிகிச்சை நடந்தது. அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் மதுரையில் செய்தார்கள். நாட்டரசன்கோட்டையிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமம். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். அம்மா களை எடுக்கப் போவார், நூறு நாள் வேலைக்குப் போவார். அதற்கு நடுவில் வாரம் இரண்டு நாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி எங்களிடம் வருவார். பயிற்சி அறையில் அவர் தரையில்தான் உட்காருவார். எத்தனை தடவை சொல்லியும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

அந்தக் குழந்தைக்கு மேப் போடுவது கடினமாக இருந்தது. முகத்தை அசைக்கும் நரம்பு அவளுக்கு உள் கருவிக்கு மிக அருகில் ஓடியது. சில புள்ளிகளில் மின்சாரம் கொஞ்சம் கூடினாலே கன்னம் வெட்டி இழுக்கும், கண் தானாக மூடிக்கொள்ளும். எந்தப் புள்ளி என்று அவளால் சொல்ல முடியாது. எனக்கும் தெரியாது. ஒவ்வொன்றாகக் கூட்டி, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, கன்னம் துடித்ததும் குறைத்து, சில புள்ளிகளை முழுதாக அணைத்து, பக்கத்துப் புள்ளிகளுக்கு அவற்றின் வேலையைப் பிரித்துக் கொடுத்து... இப்படியே போனது. ஒருநாள் துடித்துவிட்டால் அடுத்த இரண்டு வருகைக்கு மெஷின் பக்கமே வரமாட்டாள். பிறகு மறுபடி முதலிலிருந்து பொம்மை காட்டிப் பழக்க வேண்டும். சரியான மேப் அமைவதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் ஆயிற்று.

அமைந்த பிறகு அவள் வேகம் எனக்கே ஆச்சரியம். வாயை ஓர் அட்டையால் மறைத்துக்கொண்டு நான் ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ் என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு புளியங்கொட்டையை எடுத்து டம்ளரில் போட வேண்டும். ஸ் என்பது கடைசியாகத்தான் கேட்கும் எல்லோருக்கும். அது கேட்ட அன்று அவள் புளியங்கொட்டையைப் போடவில்லை. கையில் வைத்துக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு வயதுக்குள் முழு வாக்கியம் பேசினாள். என்னை "தீச்சர்" என்பாள். வீட்டில் ஆடு குட்டி போட்டதை, அப்பா போனில் சொன்னதை எல்லாம் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் மற்ற பிள்ளைகளோடு சேர்த்திருந்தார்கள்.

இனி கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேப்புகள் எல்லாம் எங்கள் நிலையத்துக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. கூடவே ஒவ்வொரு குழந்தையின் பயிற்சிக் குரல் பதிவுகளும். முன்பெல்லாம் மேப் போட்டதும் தாளில் அச்செடுத்து ஃபைலில் வைப்போம். அறக்கட்டளையின் தலைவர், வயதான காது மூக்கு தொண்டை டாக்டர், நல்ல மனிதர், அவரைப் பெரிய டாக்டர் என்போம். கரையான் அரித்த ஃபைல்களை ஒருநாள் பார்த்துவிட்டு, இனிமேல் தாள் வேண்டாம், கம்ப்யூட்டரில் இருப்பதை இன்னோர் இடத்திலும் வைக்க ஏற்பாடு செய்வோம் என்றார். அதன்படி, இரண்டு தெரு தள்ளி இருந்த அறக்கட்டளை அலுவலகத்தில் ஒரு டிஸ்க் வைக்கப்பட்டது. எங்கள் கம்ப்யூட்டரில் சேர்வதெல்லாம் தினமும் மாலையில் தானாக அங்கே ஒரு நகல் போய்ச் சேரும். அதற்கென்று ஒரு சாஃப்ட்வேர். இதைச் செய்து கொடுத்தவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த ஒருவர். சில வருடம் துபாயில் ஓர் அலுவலகத்தில் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர். மூத்த பையனுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று எங்களிடம் வந்து பழக்கமானவர். எங்கள் வேலைக்கு அவர் உதிரிபாகத்துக்கு மட்டும்தான் காசு வாங்குவார்.

அந்த ஏற்பாட்டில் இரண்டு பாதுகாப்பு வைத்திருந்தார். அதை என்னை உட்காரவைத்து விளக்கியும் இருக்கிறார். ஒன்று, எங்கள் பக்கம் ஏதாவது அழிந்தால் அங்கே உடனே அழியாது, ஒரு மாதம் தனியாக ஒதுக்கி வைத்திருக்கும். இன்னொன்று, ஒரே நேரத்தில் நிறைய ஃபைல் காணாமல் போனால் நகல் எடுப்பதை நிறுத்திவிட்டு, நிஜமாகவா என்று கேட்கும். "நம்ம மனுசங்க தப்புப் பண்ணுவோம் மேடம், அதுக்காகத்தான் இது" என்றார்.

சில வருடம் ஒழுங்காக ஓடியது. அப்புறம் திரையின் மூலையில் ஒரு சிறு பெட்டி வர ஆரம்பித்தது. சாஃப்ட்வேருக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறது, பழைய பதிப்புக்கு இனிமேல் ஆதரவு கிடையாது, அதில் திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டை ஒன்று இருக்கிறது, உடனே புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்று. நான் கடைக்காரருக்குச் சொன்னேன். அவர் அவசரப்படவில்லை. இரண்டு வாரம் அதைப் பற்றி விசாரித்தார், தன் கடையில் ஒரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். பிறகு ஒரு சனிக்கிழமை வந்து போட்டுக்கொடுத்தார். இப்போது மாலை வரை காத்திருக்க வேண்டியதில்லை, இங்கே ஒன்று மாறினால் அங்கேயும் அப்போதே மாறிவிடும் என்றார். நான் ஒரு குழந்தையின் மேப்பைச் சேமித்தேன். அவர் அலுவலகத்திலிருந்த கணக்கரைப் போனில் பிடித்துப் பார்க்கச் சொன்னார். அங்கே வந்துவிட்டது. பெரிய டாக்டருக்கும் மகிழ்ச்சி. அவர் அதே மாதத்தில் அந்தப் பக்கத்து டிஸ்கையும் மாற்றிப் புது வகை, வேகமான டிஸ்க் வாங்கிக் கொடுத்தார்.

யாரும் எதிலும் அலட்சியமாக இருக்கவில்லை. இதை நான் பலரிடம் சொல்ல வேண்டியிருந்தது, இப்போதும் சொல்கிறேன்.

மழைக்காலத்தில் அந்தக் குழந்தையின் வெளி மெஷின் தண்ணீரில் விழுந்துவிட்டது. பம்ப் செட் தொட்டியில் குனிந்து தண்ணீர் குடித்திருக்கிறாள், காதிலிருந்து நழுவியிருக்கிறது. அவள் தாய் அதை அரிசிப் பானைக்குள் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு எடுத்து வந்தார். உயிர் இல்லை. இன்னும் உத்தரவாதக் காலம் இருந்ததால் கம்பெனிக்கு அனுப்பினோம். அவர்கள் பழையதை எடுத்துக்கொண்டு புதிதாக ஒன்று அனுப்புவார்கள். மூன்று வாரமாவது ஆகும். புது மெஷின் வெறும் மெஷினாகத்தான் வரும். எங்கள் கம்ப்யூட்டரிலிருந்து மேப்பை ஏற்றினால் பத்து நிமிடத்தில் அவள் பழையபடி கேட்பாள். அதைத்தான் அவள் அம்மாவிடம் சொன்னேன். பத்தே நிமிடம்தான், கவலைப்படாதீர்கள் என்றேன்.

அந்த மூன்று வாரத்துக்குள்தான் அது நடந்தது.

ராத்திரி இடி இடித்துக் கரண்ட் போய்ப் போய் வந்திருக்கிறது. காலையில் நான் வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. திறந்தபோது குழந்தைகளின் பெயர்ப் பட்டியல் வர வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. புதிய குழந்தையைச் சேர்க்கவா என்று மட்டும் கேட்டது. எனக்கு முதலில் பயமே வரவில்லை. டிஸ்க் பழுதாகியிருக்கும், அதற்குத்தானே இரண்டு தெரு தள்ளி ஒன்று இருக்கிறது என்று நினைத்தேன். கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

"நீங்க எதையும் தொடாதீக மேடம். வயரை மட்டும் உருவி விடுங்க. நெட் வயரை. நான் வந்துர்றேன்" என்றார்.

உருவினேன். ஆனால் அதற்கு முன்பே கம்ப்யூட்டர் கால் மணி நேரம் ஓடியிருந்தது.

அவர் எங்களிடம் வரவில்லை, நேரே அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். நானும் அங்கே போனேன். கணக்கரின் மேஜைக்குப் பின்னால் அந்த டிஸ்க்குக்கு முன் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார், மடியில் லேப்டாப். நான் வந்ததைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. நடந்ததை அவர் சொல்லித்தான் புரிந்துகொண்டேன். எங்கள் பக்கத்து டிஸ்க் மின்சார வெட்டில் சிதைந்துபோய், நான் இருக்கிறேன், ஆனால் எனக்குள் ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கிறது. நகல் எடுக்கும் சாஃப்ட்வேர் அதை நம்பியது. அங்கே எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, இங்கேயும் எல்லாவற்றையும் அழித்தது. ஒதுக்கி வைக்கவில்லை. நிஜமாகவா என்று கேட்கவுமில்லை. அந்த இரண்டு பாதுகாப்பும் பழைய பதிப்பில் அவர் போட்டு வைத்தவை. புதிய பதிப்பு ஏறியபோது அவை கூடவே வரவில்லை. புதிதாகப் போய் ஒரு மூலையில் டிக் செய்திருக்க வேண்டுமாம்.

"நான் எல்லாத்தையும் படிச்சுத்தான் போட்டேன் மேடம்" என்றார். "பதினஞ்சு பக்கம். அதுல இது இல்ல."

அழித்ததைத் திரும்ப எடுக்க முடியாதா என்று கேட்டேன். சாதாரண டிஸ்க் என்றால் முடிந்திருக்கும், இந்தப் புது வகை டிஸ்க் அழித்த இடத்தை அதுவே துடைத்து வைத்துவிடும் என்றார். எங்கள் பக்கத்து டிஸ்கைச் சென்னையில், பழுதான டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்டுத் தரும் ஒரு நிலையத்துக்கு அவரே பஸ்ஸில் எடுத்துப் போனார். பத்து நாளைக்குப் பிறகு அங்கிருந்து, உள்தட்டு கீறிப் போயிருக்கிறது, ஒன்றும் செய்வதற்கில்லை என்று பதில் வந்தது.

அந்தப் பத்து நாளும் நாங்கள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு குழந்தையின் காதிலும் மாட்டியிருக்கிற மெஷினுக்குள் அந்தக் குழந்தையின் மேப் இருக்கிறது. அதிலிருந்து கம்ப்யூட்டருக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எனவே எல்லா வீட்டுக்கும் போன் செய்து வரச்சொன்னேன். தேவகோட்டையிலிருந்து, திருப்பத்தூரிலிருந்து, பிள்ளையார்பட்டியிலிருந்து, இளையாத்தங்குடியிலிருந்து எல்லாம் வந்தார்கள். வராந்தா நிறையப் பிள்ளைகள். ஒவ்வொருவரின் காதிலிருந்தும் மெஷினைக் கழற்றி, வயரில் மாட்டி, அந்த மேப்பை வாங்கி, திரும்ப மாட்டி விட்டேன். கழற்றும்போது அவர்களுக்குச் சத்தம் நின்றுவிடும், என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெற்றோர்கள் எதற்கென்று கேட்டார்கள். வருடாந்தரச் சோதனை என்று சொல்லும்படி அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். நான் உள்ளதைச் சொன்னேன். ஒருவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. எங்கள் பிள்ளையுடையது வந்துவிட்டதா என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனார்கள்.

குரல் பதிவுகள் போனவை போனவைதான். மேப்புகள் எல்லாம் வந்துவிட்டன, ஒன்றைத் தவிர.

கம்பெனிக்குப் போன் செய்தேன். தண்ணீரில் விழுந்த அந்தப் பழைய மெஷினைத் திருப்பி அனுப்புங்கள், எப்படியாவது அதிலிருந்து படித்துப் பார்க்கிறோம் என்றேன். மாற்று மெஷின் அனுப்ப ஒப்புதல் கொடுத்த அன்றே பழையது கழிவுக்குப் போய்விடும் என்றார் போனை எடுத்த பெண். அவருடைய குரலில் வருத்தம் இருந்தது. அவரால் வேறொன்றும் செய்ய முடியாது என்பது எனக்கும் தெரிந்தது. மதுரை மருத்துவமனையில் கேட்டேன். அவர்களிடம் முதல் நாள் மேப் மட்டும் இருந்தது, முகம் துடிக்க வைத்த அந்த மேப்.

எனக்கு ஞாபகம் இல்லையா என்று கேட்கலாம். இரண்டு வருடம் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போட்ட எண்கள். அணைத்து வைத்தவற்றில் மூன்று புள்ளிகள் நிச்சயமாக நினைவிருந்தன. மற்றவை இருப்பதுபோல் இருந்தது. சின்னஞ்சிறு வித்தியாசங்கள் அவை. எல்லோருக்கும் போட்டுப் போட்டு ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடந்தன. வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கும்போது ஓர் எண் வரும், எழுதி வைப்பேன். மறுநாள் அது வேறு குழந்தையினுடையது என்று தோன்றும்.

புது மெஷின் வந்தது. அந்தத் தாய்க்குப் போன் செய்தேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். குழந்தைக்கு ரிப்பன் வைத்துத் தலை பின்னியிருந்தார்கள். சத்தமில்லாமல் மூன்று வாரத்துக்கு மேல் இருந்திருக்கிறாள், என்னைப் பார்த்ததும் காதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள்.

முதலில் அவள் அம்மாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது, நகலும் அழிந்துவிட்டது, மேப்பை முதலிலிருந்து போட வேண்டும் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தப் பத்து நிமிசம்?" என்றார்.

பத்து நிமிடத்தில் முடியாது என்றேன்.

"எம்புட்டு நாளாகும் டீச்சர்?"

தெரியவில்லை என்றேன். இந்த முறை அவளுக்குப் பேசத் தெரியும், சொல்லத் தெரியும், அதனால் முன்பு மாதிரி ஆகாது என்றும் சொன்னேன். அதை நான் நம்பித்தான் சொன்னேன்.

நினைவிருந்த புள்ளிகளை அணைத்துவிட்டு மற்றவற்றை மிகக் குறைவாக வைத்து ஆரம்பித்தேன். மெஷினை மாட்டியதும் அவள் முகம் மாறியது. எதிர்பார்த்தது வேறு. என்னைப் பார்த்து, "கேக்கல" என்றாள். தன் குரலே தனக்குச் சரியாகக் கேட்காததால் அதையும் கத்திச் சொன்னாள். கொஞ்சம் கூட்டினேன். "கேக்கல தீச்சர்." இன்னும் கொஞ்சம் கூட்டினேன். சட்டென்று கன்னம் வெட்டி இழுத்தது, கண் மூடிக்கொண்டது. இரண்டு கையாலும் மெஷினைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் அழுததைவிட, நான் குனிந்து கையை நீட்டியபோது காலால் பின்னுக்கு நகர்ந்துகொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. மூன்று வயதில் அவளுக்கு நான் அந்நியம். வலிக்க வைத்தவள் யாரென்று அப்போது அவளுக்குத் தெரியாது. இப்போது தெரிந்தது.

அதன் பிறகும் சில முறை வந்தார்கள். துடிப்பு வரக்கூடாது என்று மிகக் குறைவாகவே வைத்து அனுப்பினேன். அந்த அளவில் அவளுக்குக் கிடைத்தது பக்கத்து அறையில் யாரோ முணுமுணுப்பது போன்ற ஒரு சத்தம். வகுப்பில் டீச்சர் சொல்வது புரியவில்லை என்று பள்ளிக்கூடத்தில் அவளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். வீட்டில் மெஷினை மாட்ட விடுவதில்லை. மாட்டினாலும் ஐந்து நிமிடத்தில் கழற்றி மறைத்து வைத்துவிடுவாளாம். ஒருநாள் மாவுப் பானைக்குள் கிடந்ததாம்.

"அடிச்சு மாட்டச் சொல்றாக இவ அப்பா" என்றார் அந்தத் தாய். "எனக்கு மனசு வரல டீச்சர். நீங்க என்ன சொல்றீக?"

அடிக்க வேண்டாம் என்றேன். மதுரைக்குக் கூட்டிப் போகச் சொன்னேன், அங்கே என்னைவிட நல்ல கருவிகள் இருக்கின்றன என்று. ஒருமுறை போனார்கள். அங்கேயும் மெஷினை மாட்ட விடவில்லை. பழக்கிக் கூட்டி வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பழக்க வேண்டியவள் நான். நான் அறைக்குள் வந்தாலே அவள் காதைப் பொத்திக்கொண்டாள். வேறு ஆள் வைத்துப் பார்க்கலாம் என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். அவரும் முயன்றார். இங்கே இந்தச் சம்பளத்துக்கு யார் வருவார்கள்?

கடைக்காரர் அந்த நாட்களில் அடிக்கடி வருவார். எல்லாவற்றையும் மறுபடி அமைத்துக் கொடுத்திருந்தார், இந்த முறை மூன்று இடத்தில் நகல். ஒரு மத்தியானம் போனை நீட்டி ஏதோ காட்டினார். அந்த சாஃப்ட்வேருக்கு அடுத்த புதுப்பிப்பு வந்திருக்கிறது. அதில் என்னென்ன சரிசெய்திருக்கிறார்கள் என்று ஒரு நீளமான பட்டியல். நடுவில் ஒரு வரியில் விரலை வைத்தார். முந்தைய பதிப்பிலிருந்து மாறும்போது, அழிந்த ஃபைல்களை ஒதுக்கி வைக்கும் அமைப்பு சில சூழ்நிலைகளில் கொண்டுவரப்படாத குறை சரிசெய்யப்பட்டது என்று இருந்தது. அதற்கு மேல் எழுத்தின் அளவை மாற்றும் வசதி. அதற்குக் கீழே ஜப்பானிய மொழியில் ஓர் எழுத்துப் பிழை திருத்தம்.

"நம்ம மட்டும் இல்ல போல மேடம்" என்றார். எனக்கு ஆறுதல் சொல்வதற்காகத்தான் காட்டியிருக்க வேண்டும். சொல்லி முடித்ததும் அவருக்கே முகம் கோணிவிட்டது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். இப்போது அவர் கடையில் செல்போன் கண்ணாடி மாற்றுவது, சார்ஜர் விற்பது மட்டும்தான். யாராவது அலுவலக வேலை என்று கூப்பிட்டால் மதுரையில் ஓர் ஆளின் நம்பரைக் கொடுத்துவிடுகிறார்.

தை மாதத்துக்குப் பிறகு அந்தத் தாய் வருவதை நிறுத்திக்கொண்டார். போனை எடுப்பார், அடுத்த வாரம் வருகிறோம் என்பார். பிறகு போனும் எடுக்கவில்லை. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன். நாட்டரசன்கோட்டையில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் போய், விசாரித்துக்கொண்டு நடந்தேன். வெயில் ஏறிவிட்டது. ஊருணிக் கரையில் அந்தக் குழந்தை இன்னும் இரண்டு பிள்ளைகளோடு குத்தவைத்து உட்கார்ந்து எதையோ தோண்டிக்கொண்டிருந்தாள். எனக்கு முதுகு காட்டி இருந்தாள். காதில் மெஷின் இல்லை. அப்படியும் நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மற்ற இரண்டு பிள்ளைகளும் திரும்பினார்கள். அவர்கள் திரும்பியதைப் பார்த்துத்தான் அவள் திரும்பினாள். என்னை அடையாளம் தெரிந்தது. எழுந்து வீட்டுப் பக்கம் ஓடிவிட்டாள்.

"இங்குட்டு நிழல்ல வாங்க டீச்சர், ஒக்காருங்க" என்று அந்தத் தாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் வழக்கம்போல் தரையில் உட்கார்ந்தார். மோர் கொடுத்தார். குழந்தை கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். சிறிது நேரம் கழித்து வெளியே வந்து அம்மாவிடம் கையால் ஏதோ கேட்டாள். அவர் கையாலேயே பதில் சொன்னார். ஒரு சத்தம் இல்லை. இரண்டு பேருக்கும் அது நன்றாகப் பழகியிருந்தது. அவள் வாய் திறந்து ஏதாவது பேசுகிறாளா என்று கேட்டேன்.

"அம்மாங்குறா, தண்ணிங்குறா. மத்தது நின்னு போச்சு" என்றார். பிறகு, "இப்ப அழுகுறதில்ல டீச்சர். ராத்திரி நல்லாத் தூங்குறா" என்றார்.

சிவகங்கையில் காது கேளாதோர் பள்ளி ஒன்று இருப்பதாக யாரோ சொன்னார்களாம், விடுதி உண்டாம், ஜூனில் சேர்க்கப் போகிறார்களாம். நல்லதுதான் என்றேன். எத்தனையோ பேர் கையால் பேசி நன்றாக வாழ்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொன்னேன். ஆனால் இந்தப் பிள்ளை ஸ் என்ற சத்தத்தைக் கேட்டவள். ஆடு குட்டி போட்டதை எனக்குச் சொன்னவள். அதைச் சொல்லவில்லை.

கிளம்பும்போது அவர் உள்ளே போய் ஒரு டப்பாவை எடுத்து வந்தார். மெஷினை அதன் சொந்தப் பெட்டியிலேயே துணி சுற்றி வைத்திருந்தார்.

"இது சும்மாதான டீச்சர் கெடக்கு. மெஷின் இல்லாமத் தவங்குற புள்ள எதுக்காச்சும் குடுத்துருங்க. அதாச்சும் கேக்கட்டும்."

வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும், எப்போதாவது அவளுக்கே மனம் வரும் என்றேன். அவர் கேட்கவில்லை. வீட்டில் இருந்தால் அவள் அப்பா வரும்போதெல்லாம் அதை வைத்துச் சண்டை வருகிறது என்றார். பையில் வைத்து, ஜிப்பையும் அவரே இழுத்து மூடினார்.

நிலையத்தில் அதை என் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். சில வாரம் கழித்து, உத்தரவாதம் முடிந்து பழுதாகிப்போன மெஷினோடு ஒரு பையன் வந்தான். அதே கம்பெனி, அதே வகை. புதியது வாங்க வசதியில்லை. அவன் மேப் எங்களிடம் பத்திரமாக, மூன்று இடத்தில் இருந்தது. பெரிய டாக்டரைக் கேட்டேன். அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன், இந்த முறை எடுத்தார். குடுங்க டீச்சர் என்றார்.

மெஷினைக் கம்ப்யூட்டரில் மாட்டினேன். இதற்குள் ஏற்கெனவே ஒரு மேப் இருக்கிறது, அழிக்கும் முன் நகல் எடுத்து வைக்கவா என்று திரை கேட்டது. கடைசியாக நான் போட்டு அனுப்பிய, அவளுக்குச் சரியாகக் கேட்காத மேப் அது. அந்த அளவுகளை வைத்துக்கொண்டு யாருக்கும் ஒன்றும் செய்ய முடியாது. பையனின் அப்பா பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். நகல் எடுக்கச் சொல்லி அழுத்தினேன். மூன்று இடத்திலும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று பச்சை நிறத்தில் வந்தது. அதன் பிறகு மெஷினைத் துடைத்து, பையனின் மேப்பை ஏற்றினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.